பகல் சோற்றுக்கு ஓர் ஆள்

பாடசாலை விட்டு நான் அந்த வீதியால் வரும் நேரத்தில், ஊருக்கே அண்ணன் முறையான காக்கா தன் வீட்டுக் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சாரன், கைவைத்த பெனியன், தலையில் வெள்ளைத் தொப்பி. பஸ்ஸுக்கு நிற்பவரைப் போல வீதியின் இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்ப்பார். அவருக்கு வேண்டியது ஒரு மனிதர். எந்த மனிதர் என்பதில் பிடிவாதம் கிடையாது. பசியும் ஒரு வாயும் இருந்தால் போதும்.

“தம்பி, சாப்பிட ஆள் இல்ல. வாங்க.”

இதைச் சொல்லும்போது அவருக்குப் பின்னால், உள்வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு அவருடைய மனைவி நிற்பார். அக்கா முறையில் நாங்கள் ராத்தா என்று கூப்பிடுவோம். ஆள் இல்லை என்று காக்கா ஊருக்கு அறிவித்துக்கொண்டிருக்கும்போது அந்தத் திரைக்குப் பக்கத்தில் நிற்பவர் யார் என்ற கேள்வி எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. எனக்கு வந்ததெல்லாம் உள்ளே தேங்காய்ப்பால் விட்டுக் கொதிக்கிற மீன் ஆணத்தின் வாசம்தான். நான் வரலாறு படிப்பிக்கிறவன். கண்ணுக்கு முன்னால் நடப்பவை எங்கள் பாடத்திட்டத்தில் கிடையாது.

காக்காவுக்கு மெயின் வீதிக்கு மேற்கே, வயல் பக்கம், ஒரு அரிசி மில் இருந்தது. நாவிதன்வெளிப் பக்கத்து நெல்லெல்லாம் அங்கேதான் வந்து இறங்கும். கல்முனையிலிருந்து எங்கள் ஊர் வரை அவரைத் தெரியாதவர் இல்லை. தெரிந்தவர்களில் அவர் வீட்டில் சாப்பிடாதவர் இல்லை. மனிதர் தனியாகத் தேத்தண்ணி குடிப்பார். தனியாக மணிக்கணக்கில் மில்லின் இரைச்சலுக்குள் உட்கார்ந்திருப்பார். சோறு மட்டும் தனியாக இறங்காது. எதிரே ஒருவர் உட்கார்ந்து, அவர் முதல் வாய் வைத்த பிறகுதான் காக்காவின் கை தட்டுக்குப் போகும். ஒருமுறை கடுங்காய்ச்சலில் கிடந்தவரைப் பார்க்க வந்த டொக்டர் கஞ்சி மட்டும் குடிக்கச் சொன்னார். டொக்டரும் குடித்தால் தானும் குடிப்பதாகக் காக்கா சொன்னார். டொக்டர் குடித்தார். அது நல்ல இறைச்சிக் கஞ்சி என்று அவர் பிறகு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

வந்தவர் முதல் வாயை மென்று விழுங்கியதும் காக்கா ஒரு கேள்வி கேட்பார். எல்லோரிடமும் அதே கேள்வி.

“உங்கட ஊட்டுல இத எப்பிடி ஆக்குற?”

இது மரியாதைக்குக் கேட்பதல்ல. அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டும். புளி முதலில் விடுவதா கடைசியில் விடுவதா, பால் எப்போது சேர்ப்பது, அந்த வீட்டில் யார் ஆக்குகிறது, அவருடைய உம்மாவும் இப்படித்தானா என்று போய்க்கொண்டே இருக்கும். கேட்டுக்கொண்டே மீனின் நடுத்துண்டை முள் எடுத்து வந்தவரின் பக்கம் தள்ளிவிடுவார். நான் சமையலறைக்குள் போகாதவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி பரீட்சை மாதிரி. ஆனாலும் நடுத்துண்டுக்காக ஏதாவது சொல்லிவைப்பேன். கத்தரிக்காய்க்கு நான் சொன்ன ஒரு முறையை அவர் ராத்தாவிடம் சொல்லி ஆக்குவித்து, அது ஒரு சட்டியோடு கோழிக்குப் போனது.

யுத்தகாலத்தில் வீதியில் போகிற ஆளைக் கூப்பிடுவது அவ்வளவு பாதுகாப்பான பழக்கமில்லை. காக்காவுக்கு அது விளங்கவில்லை. சந்தியில் சோதனைச்சாவடி போட்டிருந்த ஒரு ஆமிப் பெடியனை ஒருநாள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினார். அவருக்குத் தெரிந்த சிங்களம் ‘சாப்பிட வாங்க’ என்பது மட்டும்தான். அதற்கு மேல் அவருக்கு எந்த மொழியிலும் தேவைப்படவில்லை. அதே கிழமையில், மூன்று நாள் கழித்து, வேறொரு பெடியன், காட்டுப் பக்கத்திலிருந்து வந்த இயக்கத்துக்காரன், எதையோ விசாரிக்க மில்லுக்கு வந்தான். அவனும் அதே கதிரையில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். வந்த விசயத்தைக் கேட்க மறந்துவிட்டான் என்று பேச்சு. இரண்டு பேரிடமும் அதே கேள்வி, ஒருவனிடம் கைச்சாடையில். இரண்டு பேரும் தங்கள் அம்மாமார் மீனுக்குக் கொறுக்காய்ப்புளி போடுவதாகச் சொன்னார்களாம். இரண்டு தட்டையும் கழுவியது ராத்தா.

இந்த மனிதர் ஏன் இப்படி என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். யோசித்ததில் ஒரு கோட்பாடும் உருவாகியது. பாலைவனத்து அரபிகளின் விருந்தோம்பல், கூடாரம், வழிப்போக்கர், கப்பலேறி எங்கள் கரைக்கு வந்த வணிகர் என்று அதற்கு ஒரு நீளம் இருந்தது. ஒருநாள் அவர் வீட்டிலேயே இறால் பொரியலுக்கு நடுவில் அதை விளக்கினேன். காக்கா முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க” என்றார். அதோடு கோட்பாடு முடிந்தது.

இங்கே எங்கள் கரையைப் பற்றி ஒரு விசயம் சொல்ல வேண்டும். கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குச் சீதனம். வீட்டு உறுதிப் பத்திரமும் அவள் பெயரில்தான். புது மாப்பிள்ளைக்கு மாமி வீட்டில் தனியாகச் சோறு வைப்பதில்லை. அவன் வெட்கத்தில் பாதி வயிற்றோடு எழும்பிவிடுவான் என்று, கூட இருந்து சாப்பிட ஒரு தோழனையும் வைப்பார்கள். பெண்கள் திரைக்குப் பின்னால் நின்று அனுப்புவார்கள். ஆண்கள் முடித்த பிறகு தாங்கள் சாப்பிடுவார்கள். எனக்கும் ஒரு தோழன் வந்தான். இரண்டொரு நாளில் எனக்கு வெட்கம் போய்விட்டது. அவனுக்குப் போக மனமில்லை. என் மாமி அவனுக்கு ஒரு வேலை தேடிக்கொடுத்துத்தான் அனுப்பினார்.

காக்காவும் அக்கரைப்பற்றுப் பக்கத்திலிருந்து அப்படி வந்த மாப்பிள்ளைதான். கடற்கரை வீதியில் இருந்த அந்த வீடு ராத்தாவின் வாப்பா கட்டிக்கொடுத்தது. மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். ஆகையால் மூன்றும் வளர்ந்து வேறு வேறு வீடுகளுக்கு மாப்பிள்ளையாகப் போய்விட்டார்கள். கடைக்குட்டி லண்டன் வரை போனான். மிஞ்சியது இரண்டு பேர். இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீட்டில் இரண்டு பேரும் ஒருநாளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்பதை என் மனைவிதான் எனக்குச் சொன்னாள். ராத்தாவுக்கு அது ஒரு ஆசையாம். பெரிய ஆசை இல்லை. ஒரே ஒரு பகல், வேறு யாருமில்லாமல், அவரும் தானும் ஒரு தட்டில். அதற்கு வழிதான் என்னவென்று தெரியவில்லையாம்.

“நீங்க போகாம இருந்தா ஒரு ஆள் குறையும்” என்றாள் என் மனைவி.

நான் அன்றைக்கு என்ன ஆணம் என்று ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தேன். ஆகையால் நாளையிலிருந்து என்றேன்.

கடல் பொங்கி ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை பாடசாலை இல்லை. ஆகையால் நானும் இல்லை. ராத்தா காலையில் பிட்டு அவித்து, ஆணமும் வைத்து மூடிவிட்டுப் பார்த்தால் கேற்றில் காக்காவைக் காணோம். வீதி வெறிச்சென்று கிடந்ததால் ஆள் பிடிக்க மெயின் வீதிச் சந்தி வரை போய்விட்டார். அங்கே ஒரு லொறி டிரைவரோடு கதை. வீட்டில் பிட்டு ஆறியது. மறுபடி சூடாக்கினார், மறுபடி ஆறியது. அதுவரை புருசனைத் தேடி வீதிக்கு இறங்காத ராத்தா, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு இறங்கினார். சந்தியில் யார் நின்றாலும் சரி, ஊர் பார்த்தாலும் சரி, இன்றைக்கு ஏசியே தீருவது என்று வழி நெடுக ஏச்சைக் கோத்துக்கொண்டே போனார். காக்காவுக்கு முன்னால் போய் நின்று வாயைத் திறந்தார். அப்போதுதான் கிழக்கேயிருந்து சனம் ஓடிவந்தது.

அந்த வீதியில் எஞ்சியதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எங்கள் பாடசாலையின் ஒரு சுவர் நின்றது. அவர்கள் வீட்டில் கிணற்றுக் கட்டு மட்டும்.

மேற்கே மில் தப்பியிருந்தது. அன்று பின்னேரமே காக்கா மில் வளவில் கல்யாணத்துக்குச் சமைக்கிற கிடாரங்களை அடுப்பில் ஏற்றிவிட்டார். எங்கள் ஊர்ச் சனம், பெரியநீலாவணைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள், எல்லோரும் நெல் காயப்போடும் தளத்தில் வரிசையாக. எல்லோரும் சாப்பிடக்கூடியதாக இருக்கட்டும் என்று இறைச்சியே வேண்டாமென்று சொல்லிவிட்டார். சோறு, பருப்பு, ஒரு சம்பல். எங்கள் ஆட்கள் நாலைந்து பேராகச் சகனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். பெரியநீலாவணைக் கடல்தொழிலாளி ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றார். காக்கா அவருக்கு ஒரு வாழையிலையை வெட்டிவந்து போட்டு, தானும் ஒரு இலையைப் போட்டு எதிரே உட்கார்ந்தார். அந்த மனிதர் தன் மகளைத் தேடிக்கொண்டிருந்தவர். காக்கா அன்றைக்கு மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அந்த மனிதர் முதல் வாய் வைக்கும் வரை காத்திருந்து, பிறகு தானும் சாப்பிட்டார்.

ஆள் தேடிப் போனதால்தான் உயிர் மிஞ்சியது என்று ஊர் சொன்னது. காக்காவும் அப்படித்தான் நம்பினார். ராத்தாவின் நிலைமைதான் மோசமாகிவிட்டது. எந்தப் பழக்கத்துக்காக ஏச வாயைத் திறந்தாரோ அந்தப் பழக்கம் அவர் உயிரைக் காப்பாற்றிவிட்டது. இனி எந்த வாயால் ஏசுவது? அந்த ஏச்சு அப்படியே உள்ளே தங்கிவிட்டது. “இனி நான் வாய் தொறக்க ஏலா” என்று என் மனைவியிடம் சொன்னாராம்.

அரசாங்கம் கடற்கரையோரம் திரும்பக் கட்ட விடவில்லை. காக்கா மில்லுக்குப் பின்னால், தன் காணியில், தன் உழைப்பில் ஒரு வீடு கட்டினார். கட்டி முடித்ததும் உறுதியை ராத்தாவின் பெயருக்கு எழுதினார். பெண்ணுக்கு வீடு இல்லாமல் எப்படி என்றார். அதாவது தானே கட்டிய வீட்டுக்கு இரண்டாம் முறையும் மாப்பிள்ளையாகவே குடிபுகுந்தார். அந்த வேலிக்கு அடுத்த வேலி எங்களுடையது. இனி நான் போகாமல் இருப்பது எப்படி?

யுத்தம் முடிந்தது. பாதைகள் திறந்தன, எல்லோரும் எங்காவது போனார்கள். உம்றாவுக்கு மக்கா போன காக்காவும் ராத்தாவும் ஊரிலிருந்து போன ஒரு குழுவோடு போய், குழுவோடு சகனில் சாப்பிட்டு, குழுவோடு வந்தார்கள். அதற்குப் பிறகுதான் ராத்தா ஒரு திட்டம் போட்டார். எங்காவது ஊர் பார்க்கப் போக வேண்டும், இரண்டு பேரும் மட்டும், என்று காக்காவிடம் கேட்டார். வாழ்க்கையில் எதையும் கேட்காத பெண் கேட்டதால் காக்கா உடனே ஓம் என்றுவிட்டார்.

பயணம் போகிறவர்கள் ஒரு நகரத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் போவார்கள். ராத்தா யார் இல்லை என்று பார்த்தார். கோலாலம்பூரில் வீதிக்கு வீதி தமிழ் கதைப்பார்கள்; வேண்டாம். சிங்கப்பூரும் அப்படியே. டுபாயில் பாதி ஊர் இருக்கிறது. லண்டனில் மகன், மகனுக்கு மாமனார் வீடு, அவர்களுக்குச் சொந்தம். கல்முனையில் டிக்கெட் போடுகிற பெடியன் களைத்துப்போய், ஹலால் சாப்பாடு கிடைக்கும், பள்ளிவாசல் இருக்கிறது, நம்மட ஆட்கள் ஒருவரும் இல்லை என்று இஸ்தான்புல்லைச் சொன்னான். ராத்தா, அங்கே ஒருவருமே இல்லையா என்று இன்னொரு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் பகல், இறைச்சிக்கு நடுவில், காக்கா என்னிடம் சொன்னார்: “தம்பி, நீங்களும் பொஞ்சாதியும் வாறீங்க. அங்க சாப்பிட ஆள் இல்லியாம்.”

திரை ஒருமுறை அசைந்தது.

என்னை வேண்டாமென்று சொல்ல வைப்பதா அல்லது கூட்டிப்போய் அங்கே தொலைப்பதா என்று வேலியோரம் பெண்களுக்குள் நடந்த மாநாட்டில் எனக்கு இடமில்லை. நாங்கள் இல்லாவிட்டால் காக்கா பிளேன் ஏறமாட்டார் என்று முடிவாகியதால் என்னைத் தொலைப்பது என்று தீர்மானமாகியது. “அங்க போனதும் உங்களுக்கு வயிறு சரியில்ல” என்று என் மனைவி எனக்கு நோயை முற்கூட்டியே அறிவித்தாள்.

நான் அந்த நகரத்தின் இரண்டாயிரத்தைந்நூறு வருட வரலாற்றைப் படித்துக்கொண்டு போனேன். கேட்க ஒருவரும் இருக்கவில்லை. நிலத்துக்கடியில் தூண்கள் நிறுத்திக் கட்டிய பழைய நீர்த்தொட்டியைக் காட்டி, எந்த மன்னன், எந்த நூற்றாண்டு என்று தொடங்கினேன். காக்கா குனிந்து தண்ணீரைப் பார்த்துவிட்டு, இதற்கு வான்கதவு எங்கே, எத்தனை ஏக்கருக்குப் பாயும் என்று கேட்டார். ராத்தா, இந்த இருட்டுக்குள் தண்ணி அள்ளியது பெண்களா ஆண்களா என்று கேட்டார். இரண்டுக்கும் என் புத்தகத்தில் பதில் இல்லை.

சாப்பாட்டு வேளைகளில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஹோட்டல் அறைக்குப் போய், ராத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த மாசிச் சம்பலைத் தொட்டுப் பாண் ரொட்டி தின்றேன். கீழே வீதியில் சுடுகிற இறைச்சியின் வாசம் நேரே மாடிக்கு வந்தது. என் தியாகத்தால் ஒரு பயனும் விளையவில்லை. காலையில் எள் ஒட்டிய வளையப் பாணைக் காக்கா படகைத் துடைத்துக்கொண்டிருந்தவரோடு பாதியாக உடைத்தார். மாலையில், இடுப்பு ஒடுங்கிய கிளாசில் தேத்தண்ணி விற்பவரைப் பக்கத்தில் இருத்திவிட்டார். பாஷையெல்லாம் தேவைப்படவில்லை: நெஞ்சில் கை வைப்பார், தட்டைக் காட்டுவார், கதிரையை இழுப்பார். அந்த ஊர்க்காரரும் நெஞ்சில் கை வைக்கிற சாதி. கம்பளக் கடைக்காரர் ஒருவர் வழக்கப்படி உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். காக்கா குடித்தார். குடித்துவிட்டு, நீங்கள் இப்போது சாப்பிட வாருங்கள் என்று அவர் கையைப் பிடித்தார். அவர் மறுக்க, இவர் இழுக்க, கடைசியில் கடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்தார். எதிரே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார். ஒரு கம்பளமும் விற்கவில்லை. ராத்தா பக்கத்து மேசையில் என் மனைவியோடு சாப்பிட்டார்.

கடைசி நாளுக்கு முதல்நாள் சுல்தான்மாரின் அரண்மனைக்குப் போனோம். நகைகளையும் வாள்களையும் காக்கா வேகமாகக் கடந்துபோய்ச் சமையலறைகளில் நின்றுவிட்டார். வரிசையாகப் புகைபோக்கிகள், ஒரு ஆள் உள்ளே படுக்கக்கூடிய கிடாரங்கள். அவர் கண் கலங்கியது போலிருந்தது. இவ்வளவு பேரோடும் சுல்தான் எப்படி இருந்து சாப்பிட்டிருப்பார் என்று கேட்டார். கடைசியில் எனக்குத் தெரிந்த ஒரு கேள்வி வந்துவிட்டது. ஒரு சுல்தானின் காலத்தில் அவர் தனியாகத்தான் சாப்பிட வேண்டும், வேறு ஒருவரும் கூட உட்காரக்கூடாது என்று சட்டமே போட்டிருந்ததாக எங்கோ படித்ததைச் சொன்னேன்.

“பாவம் மனிசன்” என்றார் காக்கா. கிடாரத்தின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தார்.

ராத்தா என்னைப் பார்த்துக் கேட்டார்: “அவருக்குப் பொஞ்சாதி இல்லியா?”

இருந்தது, நிறைய இருந்தது, என்று சொல்லப்போனேன். என் மனைவி என் காலை மிதித்தாள்.

கடைசி நாள் பகல். ஒரு பெரிய பாலம். மேலே வாகனம், கீழ்த்தட்டில் தண்ணீரோரமாக வரிசையாக மீன்கடைகள். மேலே நின்று தூண்டில் போடுகிறவர்களின் நூல்கள் சாப்பிடுகிறவர்களின் கண்ணுக்கு முன்னால் மழை மாதிரித் தொங்கும். காக்காவையும் ராத்தாவையும் ஒரு மேசையில் இருத்திவிட்டு, எனக்கு மருந்து வாங்குவதாகச் சொல்லி என் மனைவி என்னை இழுத்துக்கொண்டு வெளியேறினாள். அடுத்த கடைக்கும் அந்தக் கடைக்கும் நடுவில் காற்றுக்குத் தொங்கவிட்ட ஒரு பிளாஸ்டிக் திரை. அதற்கு இந்தப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு, அதன் ஊடே அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி, நாங்கள் உட்கார்ந்தோம். முதல் தடவையாகத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தது நான். அங்கிருந்து எல்லாம் எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஆட்கள் கடலுக்கு முதுகு காட்டி உட்காருவதில்லை. யாரும் சொல்லித்தரவில்லை, அப்படியாகிவிட்டது. ஆகையால் இரண்டு பேரும் மேசையின் ஒரே பக்கத்தில், தண்ணீரைப் பார்த்தபடி, பஸ்ஸில் போவது போல உட்கார்ந்திருந்தார்கள். எதிர்க் கதிரை காலி. ராத்தா கையால் பெரிய வட்டம் ஒன்றைக் காட்டிக் கேட்டிருந்ததால் ஒரே ஒரு பெரிய தட்டு வந்தது: பொரித்த மீன், வெங்காயம், தேசிக்காய், ஒரு பக்கத்தில் சோறு. காக்கா வெயிட்டரைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக் கதிரையைக் காட்டினார். வெயிட்டரும் நெஞ்சில் கை வைத்துவிட்டு ஓடினான். அப்போது ஒரு பூனை வந்து எதிர்க் கதிரையில் ஏறி உட்கார்ந்தது. காக்கா அதையும் கொஞ்சம் நம்பிக்கையோடு பார்த்ததாக என் மனைவி சத்தியம் செய்கிறாள். ராத்தா மீன் தலையைக் கிள்ளிக் கீழே போட்டார். பூனை இறங்கிப் போனது.

காக்கா பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார். நான் முப்பது வருடமாகப் பார்த்த அதே பார்வை.

“சாப்பிட ஆள் இல்லியே புள்ள.”

ராத்தா எழுந்தார். மேசையைச் சுற்றிப் போனார். பூனை இருந்த கதிரையை முந்தானையால் துடைத்துவிட்டு, தண்ணீருக்கு முதுகைக் காட்டி, அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

“இப்ப இரிக்கா?” என்றார். குரல் உயரவில்லை. “அண்டைக்குச் சந்தியில உங்கள ஏசத்தான் வந்த நான். வாயத் தொறக்கக் கடல் வந்துட்டு. ஊருக்கெல்லாம் ஆள் இல்ல ஆள் இல்ல எண்டு சொன்னீங்களே. உங்களுக்குப் பின்னால நிண்டவ ஆரு? நான் ஆளில்லியா?”

மேலே வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. காக்கா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். கேள்வி கேட்டே பழகிய மனிதர்.

“நீ ஆளில்லண்டு நான் எங்க புள்ள சொன்ன?” என்றார் கடைசியில். “அது உன்ட ஊடு. உன்ட வாப்பா கட்டின ஊட்டுல, உன்ட உம்மா ஆக்கின சோத்த, நீங்கெல்லாம் திரைக்குப் பின்னால நிண்டு பாத்திட்டு நிக்கக்குள்ள நான் தனிய இருந்து தின்னுறதுக்கு வெக்கம். தோழன் ஒரு கிழமையில போயிட்டான். வெக்கம் போகல்ல. வேற ஆரும் கூட இருந்தா நானும் வந்த ஆள் மாதிரி, பயமில்லாமத் திம்பன்.”

பாலைவனமும் இல்லை, கூடாரமும் இல்லை. ஊரையே உட்காரவைத்துச் சோறு போட்ட மனிதர், இவ்வளவு காலமும் அந்த வீட்டில் ஒரு விருந்தாளியாக இருந்தார். துணைக்கு இன்னொரு விருந்தாளியைத் தேடிக் கேற்றில் நின்றார். அவ்வளவுதான். என் கோட்பாட்டை நினைத்து நான் வெங்காயத்தைக் கடித்தேன்.

ராத்தா சுற்றிவரப் பார்த்தார். பாலம், படகுகள், தொங்கும் தூண்டில் நூல்கள், பாஷை தெரியாத சனம்.

“இது ஆருட ஊடு?”

காக்காவும் பார்த்தார். “ஆருட ஊடும் இல்ல.”

“அப்ப தின்னுங்க.”

சொல்லிவிட்டு முதல் வாயை ராத்தாவே எடுத்து வைத்தார். எதிரே இருப்பவர்தான் தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? காக்கா அவர் விழுங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை வைத்தார். மீனின் நடுத்துண்டைப் பிரித்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, சதையை அவர் பக்கம் தள்ளினார். தள்ளிவிட்டு, மரியாதை குறையாமல், கேட்டார்.

“உங்கட ஊட்டுல இத எப்பிடி ஆக்குற?”

ராத்தா சிரிக்கவில்லை. மீனைத் திரும்பிப் பார்த்து, யோசித்து, பதில் சொல்லத் தொடங்கினார். புளியை முதலில் ஊறப்போடுவது, மிளகாயை அரைப்பதா இடிப்பதா, தன் உம்மா ஒருமாதிரி, தன் வாப்பும்மா வேறு மாதிரி, வெந்தயத்தைப் பற்றி இரண்டு பேருக்கும் நடந்த சண்டை. வாழ்நாள் முழுவதும் தின்ற ஆணத்தைப் பற்றி முதல் தடவை கேள்விப்படுகிறவரைப் போலக் காக்கா கேட்டுக்கொண்டிருந்தார். இடையில் ஒரு சந்தேகமும் கேட்டார். தட்டு காலியாகும் வரை அவர்கள் எங்களைத் தேடவில்லை. எங்களுக்கும் அதே மீன் வந்திருந்தது. என் மனைவி என் தட்டைப் பார்த்துவிட்டு, முள் எடுக்க எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். முயற்சி செய்யச் சொன்னாள்.

காக்கா மௌத்தாகி எங்களை விட்டுப் போய்ச் சில வருடங்களாகின்றன. ஊரில் அவரைப் பற்றிக் கதைக்கிறவர்கள் கிடாரத்தைப் பற்றியும் ஆமிப் பெடியனைப் பற்றியும் கதைக்கிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது நாங்கள் திரும்பி வந்த அடுத்த கிழமை.

பயணத்தில் பட்டினி கிடந்த பாக்கியை வசூலிக்க வேண்டிய அவசரத்தில் இருந்தேன். பாடசாலை விட்டு வந்தபோது கேற்றில் அவரைக் காணோம். நோயோ என்று பயந்து, கேற்றைத் திறந்து உள்ளே போய், காக்கா என்று கூப்பிட்டேன். கதவு கொஞ்சம் திறந்தது. காக்கா எட்டிப் பார்த்தார். வலது கையில் சோறு. முகத்தில், அந்த வயதில், புது மாப்பிள்ளையின் வெட்கம்.

“தம்பி,” என்றார், “இண்டைக்கு ஆள் இரிக்கு.”

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். கையில் சோறு இருந்ததால் முழங்கையால் சாத்தினார்.